ஆபீசரை ஒளித்துக் கூட்டி வந்த நாள்

விண்ணப்பத்தைத் தச்சர் மூன்று முறை எழுதினார். முதல் தாளில் மை கசிந்துவிட்டது. இரண்டாவது தாளில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் கடைசி வரி கொஞ்சம் மேலே ஏறிப் போயிருந்தது. மட்டப்பலகை வைக்காமலே அவருக்கு அது தெரிந்தது. மூன்றாவதாக எழுதியதைத்தான் தங்கையிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"அவங்க என்ன எழுத்தைப் பார்த்தா லைசென்ஸ் குடுக்கப் போறாங்க?" என்றாள் தங்கை.

"ஆளைப் பார்க்கறதுக்கு முன்னாடி எழுத்தைத்தானே பார்க்கறாங்க. நீ பேசாம கையெழுத்தைப் போடு. கோட்டுக்கு மேல போடு, கோட்டு மேல போடாத."

அந்த மலையில் மொத்தம் இருபத்தாறு வீடுகள். இரண்டு முறை அளக்காமல் எதையும் வெட்டமாட்டார் என்பதால் தச்சருக்கு அங்கே 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய தங்கைக்கு நாற்பத்தொரு வயதாகியும் ஊருக்கு அவள் இன்னும் சின்னவள்தான்.

சின்னவளின் தொழில் சாராயம் காய்ச்சுவது. சும்மா சாராயம் இல்லை, பேரிக்காய்ச் சாராயம். அம்மா காலத்திலிருந்தே அந்த வீட்டுச் சரக்குக்கு மலைக்கு அந்தப் பக்கமும் நல்ல பேர் உண்டு. ஆனால் காதோடு காதாகச் சொல்ல வேண்டிய பேர். போன வருடம்தான் சட்டம் மாறியது. சொந்தத் தோட்டத்துப் பழத்தைச் சிறிய அளவில் வடிக்கிறவர்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பகிரங்கமாகச் செய்யலாம் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. அதற்குக் கலால் ஆபீசர் ஒருவர் நேரில் வந்து அண்டாவையும் அடுப்பையும் பார்த்து, முதல் சொட்டு விழுவதைத் தன் கண்ணால் கண்டு எழுதித் தர வேண்டும். 'விண்ணப்பத்தில் கண்ட கருவி இடத்தில் இல்லை' என்று எழுதிவிட்டாரானால் அதோடு முடிந்தது. இரண்டு வருடத்துக்கு மறுபடி கேட்கக்கூட வழியில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வருவதாக ஆபீசரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த நாளுக்குத் தோதாகப் பதம் வரும்படி சின்னவள் மூன்று பீப்பாய் ஊறல் போட்டாள். ஊறல் யாருக்காகவும் காத்திருக்காது. பதம் வந்து நாலைந்து நாள் தாண்டினால் புளித்துக் காடியாகிவிடும். ஒரு வருடத்துப் பழம் மொத்தமும் அந்த மூன்று பீப்பாயில் இருந்தது.

தச்சர் தன் பங்குக்குக் காய்ச்சும் கொட்டகையின் கதவை இழைத்து மாட்டினார், ஜன்னலுக்குக் கொக்கி போட்டார், தரைக்கல்லைத் தேய்த்துக் கழுவினார். செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை மாலை அந்தத் தாளில் அடிபடாத வரி ஒன்றுகூட இல்லை.

ஆனால் ஒரு காரியம் அந்தத் தாளில் ஏறவே இல்லை. ஆபீசர் வரப்போகிறார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவர்கள் சொல்லவில்லை.

மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. அடுப்பு மூட்டும் நாளை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலில் அம்மா காலத்துச் சட்டம். காலையில் விறகு எடுக்கும்போதுதான் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரிய வரும். லாரி ஓட்டும் மாப்பிள்ளை அந்த வாரம் சுமை ஏற்றிக்கொண்டு கீழே சமவெளிக்குப் போயிருந்தார். கட்டிய புருஷன், அவருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். சொல்ல வேண்டும் என்று அண்ணன் தங்கை இருவருக்கும் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தொட்டிக்கு வரும் தண்ணீர் நூலாக இளைத்துவிட்டது. மேலே ஊற்று வாயில் சருகு அடைத்திருக்க வேண்டும். ஆவியை ஆற்றக் குளிர்ந்த தண்ணீர் ஓடாமல் வடிக்க முடியாது. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று இருவரும் மேலே ஏறினார்கள். சருகை அள்ளிப் போட்டு, குழாயின் வாயில் தச்சர் ஒரு கம்பி வலையை வெட்டிக் கட்டினார். வெட்டுவதற்கு முன் அளந்தார். அளந்ததைச் சரிபார்க்க மறுபடியும் அளந்தார்.

இறங்கி வரும்போது மரங்களின் இடைவெளியில் வளைவு வீடு தெரிந்தது. அதன் கொடியில் சிவப்புக் கம்பளி தொங்கிக்கொண்டிருந்தது. தச்சர் தங்கையின் தோளைத் தட்டிக் காட்டினார்.

வளைவு வீடு அத்தையுடையது. கீழிருந்து வரும் ரோடு முழுவதும் அந்த வீட்டு முற்றத்திலிருந்து தெரியும். அரசாங்க வண்டி எதுவும் ஏறி வந்தால் அத்தை சிவப்புக் கம்பளியைக் கொடியில் போடுவாள். அதைப் பார்த்ததும் ஏழு வீட்டுக்காரர்கள் கொட்டகைக்கு வந்து, ஆளுக்கு ஒரு பாகமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யார் எதை எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. வண்டி திரும்பி இறங்கிய பிறகு வெள்ளைத் துப்பட்டி தொங்கும். எடுத்தது எல்லாம் தானாக வந்து சேரும். முப்பது வருடமாக ஒரு திருகாணிகூடத் தொலைந்ததில்லை.

"ஐயோ, அண்டா," என்றாள் சின்னவள். இருவரும் ஓடினார்கள்.

கொட்டகை வாசலில் ஜீப் நின்றது. உள்ளே அண்டா இல்லை, அதன் தலைமூடி இல்லை, சுருள் குழாய் இல்லை. பீப்பாய்களின் மேல் விறகு அடுக்கியிருந்தது. குளிர்விக்கும் தொட்டியில் யாரோ இரண்டு போர்வைகளை ஊறப் போட்டிருந்தார்கள். கல்லடுப்பின் மேல் முறத்தை வைத்துக்கொண்டு அத்தையும் கொல்லர் மனைவியும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், ஒல்லியாக ஒரு மனிதர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தச்சர் எழுதிய விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான் கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்," என்றார் ஆபீசர். "இதுல எண்பது லிட்டர் செம்பு அண்டான்னு போட்டிருக்கு. இங்க உருளைக்கிழங்குதான் இருக்கு."

"அண்டாவா?" என்றாள் அத்தை, கத்தியை நிறுத்தாமல். "அப்படி எதுவும் இங்க கெடையாதுங்க. இது கெழங்கு உரிக்கிற எடம்."

"அத்தை, அண்டாவை எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றாள் சின்னவள். மூச்சு வாங்கியது. "சார் லைசென்ஸ் குடுக்க வந்திருக்காரு."

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். "பாவம், புள்ளையை என்னவோ மிரட்டியிருக்காங்க," என்று கொல்லர் மனைவியிடம் முணுமுணுத்தாள்.

"யாரும் மிரட்டல அத்தை. நெஜமாத்தான் சொல்றேன்."

"ஆபீசர் முன்னாடி நீ என்ன சொன்னாலும் நம்பக் கூடாது. உங்கம்மா போட்ட சட்டம். அவ சாகறப்பகூட எங்கிட்ட அதைத்தான் சொல்லிட்டுப் போனா."

தச்சர் கடிதத்தைக் காட்டினார். அதில் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் அத்தையின் சந்தேகம் இன்னும் கெட்டியானது. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தன் ஆட்டைத் தவிர வேறு எதையும் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். எதிர்வீட்டு வாத்தியார், 'அண்டா' என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய மனிதர்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "எனக்கு வேற வழியில்லம்மா. கருவி இல்லன்னா இல்லன்னுதான் எழுதணும். பனி ஆரம்பிச்சா ரோடு அடைச்சுடும். மறுபடி என்னால வர முடியாது."

சின்னவள் அந்தப் பேனாவின் முனையைப் பார்த்தாள். தங்கை இப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைத் தச்சர் சின்ன வயதில் பார்த்தது. பிறகு அவரையும் அண்ணனையும் வாசலுக்குக் கூட்டிப் போய், அத்தை காதில் விழாமல் மெதுவாகச் சொன்னாள்.

"சார், நீங்க போயிடணும்."

"என்னம்மா?"

"ஜீப் கீழே எறங்கற வரைக்கும் இவங்க ஒண்ணையும் வெளியே எடுக்க மாட்டாங்க. நீங்க வண்டியை எடுத்துட்டு ரெண்டாவது வளைவு தாண்டிப் போய் நிறுத்துங்க. அங்கிருந்து ஆட்டுப் பாதை ஒண்ணு மேல வருது. எங்கண்ணன் உங்களைக் கூட்டிட்டு வருவாரு. நடந்துதான் வரணும். ஜீப்புல வந்தீங்கன்னா மறுபடி கம்பளி தொங்கிடும்."

ஆபீசர் தொப்பியைத் தலையில் வைத்தார். மறுபடியும் எடுத்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒளிஞ்சவங்களைப் பிடிச்சிருக்கேன். நானே ஒளிஞ்சு வரச் சொல்லி யாரும் கேட்டதில்ல," என்றார். பேனாவை மூடினார்.

ஆபீசர் ஓட்டினார், தச்சர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோட்டோரத்தில் புதருக்குப் பின்னால் ஜீப்பை விட்டுவிட்டு இருவரும் ஆட்டுப் பாதையில் ஏறி, பாதி வழியில் ஒரு பெரிய பாறையின் மறைவில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கொடி தெரியும். சிவப்பு இன்னும் இறங்கவில்லை.

"உங்க தங்கச்சி இதை எத்தனை வருஷமா செய்யறாங்க?" என்று ஆபீசர் கேட்டார். உடனே, "கேஸுக்காகக் கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்," என்றார்.

தச்சருக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஆனால் தங்கையைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவரை நிறுத்துவது கஷ்டம். ஆறு வயதில், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தே எந்தப் பீப்பாய் பதம் வந்திருக்கிறது என்று சொல்வாளாம் சின்னவள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒருநாள் மூடுபனியில் வண்டி வந்தது யார் கண்ணிலும் படவில்லை. அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள். அப்போது தச்சருக்குப் பதினான்கு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரப்பட்டறையில் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் அத்தை வீட்டில் கம்பளி தொங்கும் ஏற்பாடு வந்தது.

பத்தொன்பது வயதில் சின்னவள் கீழே டவுனில் இருக்கும் பழரசத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டில் கழுவப் போனவள், பன்னிரண்டு வருடம் கழித்து வெளியே வரும்போது சோதனை அறையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். சூடு பார்க்க, புளிப்புப் பார்க்க, சர்க்கரை பார்க்க என்று அங்கே இருந்த எல்லாக் கருவியும் அவள் கைக்குப் பழக்கம். தொழிற்சாலைக்குப் பெட்டி ஏற்ற வந்த லாரிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் போட்டு அந்தச் செம்பு அண்டாவைச் செய்யச் சொல்லி எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினாள்.

"எங்கம்மா தகர டிரம்முலதான் காய்ச்சுனா சார். நல்லாத்தான் இருக்கும். ஆனா சின்னவ வந்த பிறகுதான் தலைமூடியிலிருந்து தொட்டி வரைக்கும் சுடுதண்ணி ஊத்திக் கழுவற வழக்கமே வந்துச்சு. அவ குடுத்ததைக் குடிச்சு மறுநாள் தலைவலின்னு ஒருத்தன் சொல்லட்டும், நான் உளியைக் கீழே வெச்சுடறேன்."

"அப்படின்னா நீங்களும் குடிச்சிருக்கீங்க."

தச்சர் பாறையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்ட ஆரம்பித்தார். ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

கொடியில் வெள்ளை ஏறியது. கொஞ்ச நேரத்தில் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் பாறைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். ஆட்டுக்காரர், செம்பு அண்டாவைத் தலைகீழாகத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, வழி தெரியாமல் தரையைப் பார்த்தபடி மெதுவாக நடந்து போனார். நான்கு ஆடுகள் பின்னால் போயின.

"அதுதானா?" என்று ஆபீசர் கிசுகிசுத்தார்.

"அதேதான் சார்."

"எண்பது லிட்டர் தாண்டும் போலிருக்கே."

"எண்பத்தி ரெண்டு. நானே தண்ணி ஊத்தி அளந்தேன். படிவத்துல எண்பது, நூறுன்னுதான் கட்டம் இருந்துச்சு. அதனால எண்பதுல குறி போட்டேன்."

"பக்கத்துல எழுதியிருக்கலாமே."

"எழுதியிருக்கேன் சார். ரெண்டாவது பக்கத்துல, அடியில."

ஆபீசர் தாளைப் புரட்டிப் பார்த்தார். இருந்தது.

அவர்கள் கொட்டகையின் பின்வாசல் வழியாக நுழைந்தபோது அண்டா அடுப்பின் இரும்பு முக்காலியின் மேல் ஏறியிருந்தது. வாத்தியார் சுருள் குழாயைத் தொட்டியில் இறக்கிக்கொண்டிருந்தார். அவருடைய குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே இருந்ததால் அதில் பூச்சி உருண்டை வாசனை. தலைமூடியைக் கொண்டுவந்தது தையல்காரர். ஆபீசரைப் பார்த்ததும் ஏழு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆட்டுக்காரர் மட்டும், கையில் ஒன்றும் இல்லாததால், இரண்டு கையையும் தூக்கினார்.

"கையைக் கீழே போடுங்க," என்றார் ஆபீசர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வெள்ளை ஏறி இருபத்திரண்டு நிமிஷம்."

"இவரு நம்ம ஆளா?" என்று அத்தை தச்சரைக் கேட்டாள்.

"இல்ல அத்தை, ஆபீசர்தான். ஆனா லைசென்ஸ் குடுக்கற ஆபீசர்."

அத்தை ஆபீசரை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்ன ஏன் ஒளிஞ்சு வந்தாரு?" என்றாள்.

ஆபீசர் அண்டாவைச் சுற்றி வந்தார். விளிம்பைத் தட்டிப் பார்த்தார். குழாயில் மூக்கை வைத்தார். பிறகு விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

"ஏழாவது நிபந்தனை. கருவி நகர்த்த முடியாதபடி நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நீங்க 'ஆம்'னு எழுதியிருக்கீங்க. எழுத்து ரொம்ப அழகா இருக்கு. ஆனா ஏழு வீட்டிலேர்ந்து இருபத்திரண்டு நிமிஷத்துல வந்து சேர்ற பொருளை, நகராத பொருள்னு நான் எப்படிங்க எழுதறது?"

தச்சருக்கு முகம் சுருங்கிப் போனது. அவர் அடுப்பை நினைத்து எழுதியிருந்தார். அடுப்பு கல்லில் கட்டியது, நகராது. அண்டாவை நகர்த்தாமல் ஒருவர் சாராயம் காய்ச்சுவார் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. மூன்று முறை எழுதிய தாளில் ஒரே ஒரு சொல் பொய்யாகப் போயிருந்தது.

"முக்காலிக் காலைக் கல்லுல இறக்கி போல்ட்டு போட்டுடலாமே," என்றார் கொல்லர். "அண்டா விளிம்பு மேல ரெண்டு இரும்புப் பட்டை. கல்லுல துளை போட்டு, போல்ட்டை நிறுத்தி, ஈயத்தைக் காய்ச்சி ஊத்துனா அசையாது. அடியில திறப்பு இருக்கறதால கழுவறதுக்கும் கஷ்டம் இல்ல. ரெண்டு மணி நேர வேலை."

"அப்படிச் செஞ்சா முத்திரை வெச்சுடுவேன்," என்றார் ஆபீசர். "பொழுது சாயறதுக்குள்ள நான் எறங்கியாகணும். பார்த்துக்கோங்க."

"போல்ட்டு போட்டுட்டா நாளைக்கு எப்படித் தூக்கறது?" என்றாள் அத்தை.

அவள் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். சின்னவள் அண்டாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்குச் சட்டம் திரும்ப மாறினால்? வேறு ஆபீசர் வந்தால்? ஈயம் ஊற்றிவிட்டால் அண்டாவை யாராலும் தலையில் கவிழ்த்துக்கொண்டு போக முடியாது. அவளும் அண்டாவோடு சேர்ந்து அங்கேயேதான் நிற்க வேண்டும். அம்மா உள்ளே இருந்த பதினைந்து நாளும் வாசற்படியிலேயே தூங்கிய பெண் அவள். தச்சருக்கு அது ஞாபகம் இருந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்.

"தூக்க வேண்டாம் அத்தை," என்றாள் சின்னவள். "தூக்கித் தூக்கி உங்களுக்கெல்லாம் கழுத்து சுளுக்கினது போதும். இனிமே இது இங்கதான். கொல்லர் மாமா, நீங்க ஈயத்தைக் காய்ச்சுங்க."

"எனக்கு ஒண்ணும் சுளுக்கல," என்றார் ஆட்டுக்காரர். ஆனாலும் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது வேலை மட்டும்தான். தச்சர் முக்காலியின் காலிலிருந்து சுவர் வரை மூன்று பக்கமும் அளந்து கல்லில் பென்சிலால் புள்ளி வைத்தார். கொல்லர் உளியை வைக்கப் போனபோது, "ஒரு நிமிஷம்," என்று மறுபடி அளந்தார். "ஸ்கேலு, ஆபீசர் ஊருக்குப் போகணும்யா," என்றார் கொல்லர். மூன்றாவது புள்ளி ஒரு நூல் அளவு தள்ளி இருந்தது தெரிந்ததும் கொல்லரே உளியைப் புதுப் புள்ளிக்கு நகர்த்தினார். துளைகள் இறங்கின. கரண்டியில் உருகிய ஈயம் கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டு போல்ட்டைச் சுற்றி இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிக் கெட்டியானது. தையல்காரர் தன் பலத்தை எல்லாம் போட்டு ஆட்டிப் பார்த்தார். தையல்காரர்தான் ஆடினார்.

சின்னவள் அண்டாவை வெந்நீரில் கழுவி, முதல் பீப்பாயிலிருந்து ஊறலை ஊற்றி, அடுப்பை மூட்டினாள். பழக்கூழ் அடிபிடித்துவிட்டால் அந்தக் கருகல் வாடை கடைசிச் சொட்டு வரைக்கும் போகாது. அதனால் சூடு ஏறும் வரைக்கும் நீண்ட மரத்துடுப்பால் அடியைத் துழாவிக்கொண்டே இருந்தாள். ஆபீசர் இரண்டு முறை கேள்வி கேட்டார். அவள் காதில் விழவில்லை. கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தலைமூடியை வைத்து, இணைப்புகளைச் சுற்றி மாவைப் பிசைந்து விரலால் அழுத்தி அடைத்தாள். பிறகு விறகில் பாதியை வெளியே இழுத்துவிட்டாள். செம்பு மூடியை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, சூடு எங்கே வந்திருக்கிறது, இனி குழாய்க்கு எப்போது போகும் என்று கை வழியாகவே கணக்குப் போட்டாள்.

"வருது," என்றாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழுந்தது. ஆபீசர் மணி பார்த்து எழுதினார். ஆட்டுக்காரர் பழக்கதோஷத்தில் டம்ளரை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் சின்னவள். "மொதல்ல வர்றது குடிக்கறதுக்கு இல்ல. மோந்து பாருங்க, நகப்பாலிஷ் அழிக்கற மருந்து மாதிரி இருக்கும்." அதைத் தனியாகப் பிடித்து எல்லோர் கண் முன்னாலும் வெளியே கொட்டினாள். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்தாள். நான்காவது முறை முகர்ந்ததும் பாத்திரத்தை மாற்றினாள். "இப்பத்தான் பேரிக்காய் வருது."

ஆபீசர் தன் பெட்டியிலிருந்து கண்ணாடிக் குழலையும் மிதவையையும் எடுத்து, சரக்கை ஊற்றி அதன் வீரியத்தை அளந்தார். "ஐம்பத்தொண்ணு சதவீதம்," என்றார்.

"நாற்பத்தியெட்டு இருக்கும் சார்."

"மிதவை ஐம்பத்தொண்ணுன்னு காட்டுதே."

"சரக்கு இன்னும் வெதுவெதுப்பா இருக்கு. மிதவை ஆழமா இறங்கிக் கூடுதலா காட்டும். இருபது டிகிரிக்கு ஆற விட்டுப் பாருங்க."

ஆபீசர் குழலைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி வைத்தார். சூடுமானியையும் போட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். தச்சர் ஆபீசருடைய முகத்தைப் பார்க்காமல் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, நாற்பத்தியெட்டுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் நடுவே நின்றது.

"அரை தப்பிடுச்சு," என்றாள் சின்னவள்.

"எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு ஆற வைக்கறதே இல்லம்மா," என்றார் ஆபீசர்.

அவர் ஏழாவது நிபந்தனைக்கு எதிரே இருந்த 'ஆம்' என்ற சொல்லின் பக்கத்தில் தன் சுருக்கொப்பம் போட்டார். அடுத்த பக்கத்தில் நான்கு வரி எழுதினார். இரும்புப் பட்டையின் போல்ட்டில் கம்பியைச் சுற்றி ஈய முத்திரையை நசுக்கினார். ஒரு பாட்டிலைத் தாளில் சுற்றிக்கொண்டு அத்தை வந்தாள். ட்யூட்டியில் குடிப்பதும் இல்லை, எடுத்துப் போவதும் இல்லை என்று மறுத்துவிட்டார். ஆனால் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டார். தேய்த்தார், முகர்ந்தார். கையெழுத்துப் போட்ட தாளைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு இன்னொரு முறை முகர்ந்தார். ஆட்டுப் பாதையில் இறங்கிப் போகும்போதும் அந்தக் கை மூக்குக்கு அருகில்தான் இருந்தது.

தாளைச் சின்னவள் அண்ணனிடம் நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தார். 'மேற்படி நபர் தொழிலில் முழுத் தேர்ச்சி உடையவர்' என்று நடுவில் ஒரு வரி இருந்தது. அதை மட்டும் கொஞ்சம் சத்தமாக, ஆட்டுக்காரருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை வாசித்தார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் ஆட்டுக்காரர். "ஒரு தடவை சொன்னாப் போதும்."

"ரெண்டு தடவை பார்த்தாத்தான் அவருக்குத் திருப்தி," என்றார் கொல்லர்.

சின்னவள் அதற்குள் அண்டாவின் அடித்திறப்பைத் திறந்து, ஆவி பறக்கும் கசடை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பீப்பாய் பாக்கி இருந்தது. நாளைக்குள் முடிக்க வேண்டும். அவளுடைய நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது. கண் எரிந்து சிவந்திருந்தது. வாய் மட்டும் என்னவோ மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சந்தோஷமாக இருந்தால் அவள் பீப்பாயோடு பேசுவாள்.

"அண்ணே, அந்தத் தாளை ஓரமா வெச்சுட்டு விறகு பொளந்து குடு. பொடிசா இருக்கட்டும். தடிமனா போட்டா சூடு கைக்கு அடங்காது."

"எவ்வளவு பொடிசா?"

"ஒரு விரல் தடிமன்."

தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு விறகுக் கட்டையின் முன் உட்கார்ந்தார். தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, விரலை விரிக்கச் சொன்னார். அவள் சலித்துக்கொண்டே சுட்டுவிரலை நீட்டினாள். அதைக் கட்டையின் மேல் வைத்து இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டு, கோடரியை எடுத்தார்.